இரண்டு முறை உள்ளே, ஒரு முறை வெளியே

சூலூர் கிருபாசங்கர் அணுமின் நிலையத்தின் உட்கதவுக்குள் இரண்டு முறை நுழைந்து, ஒரு முறை மட்டுமே வெளியே வந்தார். அதனால் அவருடைய எடை சரிபாதியாகிவிட்டது. எழுபத்திரண்டு கிலோ இருந்தவர் முப்பத்தாறு கிலோ ஆனார். சட்டை அளவும் இடுப்பளவும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. இது நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி பதினெட்டுக்கு மறுநாள், மதியம் ஒன்றேகாலுக்கு. நிலையம் தெற்கே கடலோரத்தில் இருந்தது. பெயரை வெளியே சொல்வதில்லை என்று அங்கே வேலை பார்த்த எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததால் இங்கும் அது எழுதப்படவில்லை.

கிருபாசங்கர் கோயமுத்தூருக்குப் பக்கத்துச் சூலூரில், கலங்கல் சாலையில் இருந்த ஒரு கம்பெனியின் சர்வீஸ் ஆள். அந்தக் கம்பெனி கையை அளக்கும் கருவிகளைச் செய்தது. ஒரு தகட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தால், விரல்களின் நீளத்தையும் தடிமனையும் கணுக்களின் இடைவெளியையும் பார்த்து, இது இன்னாருடைய கை என்று கருவி சொல்லும், கதவு திறக்கும். அட்டையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம், கையைக் கொடுக்க முடியாது என்பதால் உலைக் கட்டடத்துக்குள் போகும் கதவுக்கு அந்தக் கருவியைத்தான் பொருத்தியிருந்தார்கள். யார் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார், இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர் என்பதெல்லாம் ஒரு திரையில் தெரியும். திரையில் பூஜ்யம் வராமல் உலையை ஓட்டக் கூடாது என்பது விதி. பராமரிப்புக்காக உலையை நிறுத்தியிருந்த அந்த மாதங்களில் நூற்றுக்கணக்கான ஒப்பந்தக்காரர்கள் உள்ளே போய்வந்தார்கள். வியர்த்த கைகளைக் கருவி அடையாளம் காண மறுக்கிறது என்று புகார் வந்ததால் கிருபாசங்கரை அனுப்பியிருந்தார்கள். பதினோரு வருஷ சர்வீசில் அவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. தகட்டின் மேலிருக்கும் கேமராக் கண்ணாடியை மடித்த துணியால் வட்டமாகத் துடைப்பது அவருடைய பழக்கம். எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் அதைத்தான் செய்வார்.

அன்று உள்ளே சாரம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் கோயமுத்தூர் கோட்டைமேட்டு ஷாநவாஸ் ஒருவர். நாலு மாடி உயரத்துக்குக் குழாய்களைச் சுற்றி அவர் கட்டிய சாரத்தில் எந்தப் பலகை எங்கே போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் இரும்புக் கிளாம்ப் ஒன்று அவருடைய வலது கையை நசுக்கிவிட்டது. முதலுதவிக்கு வெளியே வந்தார். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் கை பன்னுபோல வீங்கிவிட்டது. அதே நேரத்தில் உள்ளே, சாரத்தின் மூன்றாவது தட்டில், வால்வு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐயாசாமி என்பவர் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தார். கீழிருந்து பார்த்தவர்களுக்கு அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியவில்லை. ஷாநவாஸ் ஓடிவந்து தகட்டில் கையை வைத்தார். கருவி அது அவருடைய கை இல்லை என்றது. கட்டை அவிழ்த்துவிட்டு வைத்தார். மறுபடியும் இல்லை என்றது. காவலர் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டே, கருவி ஒப்புக்கொள்ளாத யாரையும் உள்ளே விட முடியாது என்று தலையாட்டினார்.

கிருபாசங்கர் அந்தக் கருவிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரே கை அடுத்தடுத்து இரண்டு முறை உள்ளே போவதைக் கருவி தடுக்கும். அந்தத் தடையை அன்று காலை சோதனைக்காக அவரே நிறுத்திவைத்திருந்தார்.

"பாய், நீங்க போங்க. நான் பொறத்தாலயே வாரேன்," என்று சொல்லித் தன் கையை வைத்தார். கதவு திறந்தது, ஷாநவாஸ் உள்ளே ஓடினார். கதவு மூடியதும் மறுபடி கையை வைத்துத் தானும் போனார்.

ஐயாசாமி பிழைத்துக்கொண்டார். ஷாநவாஸ் அவரைக் கயிற்றில் கட்டி இறக்க, தீயணைப்புக்காரர்கள் மறுபக்கத்து அவசர வழியைத் திறந்துபிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரையும் ஷாநவாசையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் கருவி இல்லை. ஐயாசாமி வெளியே போனதை ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துப் பிற்பாடு பதிந்துகொண்டார்கள். கிருபாசங்கர் மட்டும் வந்த வழியிலேயே திரும்பி, கையை வைத்து, பதிவு செய்துவிட்டு வந்தார். கதவு தன் முதுகுக்குப் பின்னால் மூடியபோது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது என்று பிற்பாடு சொன்னார். திரையில் அவர் பெயருக்கு நேராக, உள்ளே இரண்டு, வெளியே ஒன்று என்று நின்றது.

மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். யாருக்காகக் கையை வைத்தாய் என்று கேட்டபோது கிருபாசங்கர் உண்மையைச் சொன்னார். ஷாநவாசைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் திறந்த அவசர வழியாகத் தான் உள்ளே போனதாகவும், தனக்காக யாரும் கதவு திறக்கவில்லை என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் அவருடைய பாஸ் ரத்தாகும், பாஸ் ரத்தானால் கூட வந்த பதினான்கு பேருக்கும் வேலை போய்விடும் என்று ஒப்பந்தக்காரர் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். காவலர் தான் போனில் இருந்ததால் கவனிக்கவில்லை என்றார். ஆக, கிருபாசங்கர் காரணமே இல்லாமல் பாதுகாப்பை மீறினார் என்று முடிவானது. நிலையத்தின் எந்த வாசலையும் அவர் நெருங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனியும் அவரை நிறுத்திவிட்டது.

ஊருக்கு வந்த அன்றே அவர் மனைவி கீதா கண்டுபிடித்துவிட்டாள். அவள் பம்புக் கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றுபவள், எடையைக் கையால் அறிகிறவள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து வந்தபோது, வேகத்தடையில் வண்டி துள்ளிய விதத்திலேயே பின்சீட்டில் பாதி ஆள்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பனியன் வேஸ்ட் துணியை எடைக்கு வாங்கும் கடையின் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். மருந்துக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பார்த்தார்கள். மூன்றும் முப்பத்தாறு என்றன. பக்கத்து வீட்டு ராசாத்தாள் தைராய்டு பார்க்கச் சொன்னார். பார்த்ததில் ஒன்றும் இல்லை. ரேஷன் கடையில் விரல் வைத்தால், இந்த நபர் வேறிடத்தில் இருக்கிறார் என்று வந்தது. கடைக்காரர் கீதாவின் விரலை வாங்கிக்கொண்டு அரிசியைப் போட்டார்.

கிருபாசங்கர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இடது காதில் எப்போதும் பெரிய காற்றாடியின் இரைச்சல் கேட்டது. சூலூரில் அவர் துவைக்கப் போட்ட சட்டைகளில் கடலுப்பு பூத்திருந்தது. என்ன நேரம் என்று மகள் அக்ஷயா கேட்டால், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ஒன்னேகால் சாமி" என்பார். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மொட்டைமாடிக்குப் போக வேண்டாம் என்று கீதா சொல்லிவைத்தாள். அவரும் போகவில்லை.

நிலையத்திலும் நிம்மதி இல்லை. எல்லாரும் வெளியே வந்த பிறகும் திரை, உள்ளே ஒருவர் என்றது. ஒன்பது முறை தேடினார்கள். நாய்களை விட்டுத் தேடினார்கள். நாய்கள் உட்கதவுக்குப் பக்கத்தில் போய் வாலாட்டிவிட்டுத் திரும்பின. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் கதிர்வீச்சை அளக்கும் ஒரு சிறு மீட்டர் கொடுப்பார்கள், அது காட்டும் அளவு அவர் கணக்கில் ஏறும். கிருபாசங்கரின் இரண்டாவது நுழைவுக்கு யாரும் மீட்டர் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் தினமும் ஒரு துளி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கருவியின் கண்ணாடி வட்டவட்டமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

பதிவேடுகளுக்குப் பொறுப்பான சைதன்யா என்ற அதிகாரி முப்பத்தெட்டாம் நாள் கார் பிடித்துச் சூலூருக்கு வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், சரியாகத் தூங்காத கண்கள். கீதா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நிலைமையை விளக்கினார். கணக்கைச் சரிசெய்ய கிருபாசங்கரே வந்து இன்னொரு முறை வெளியேறலாம் என்றால், வெளியேற முதலில் உள்ளே போக வேண்டும். அப்போது உள்ளே மூன்று, வெளியே இரண்டு என்றாகும். நூறு முறை போய்வந்தாலும் ஒருவர் மிச்சம் நிற்பார். அதனால் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். இரண்டாவது நுழைவு கருவியின் பிழை, அந்த நேரத்தில் நான் உள்ளே இல்லை என்று அதில் அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் அந்த வரியை அழித்துவிடலாம். பிழை கருவியுடையது என்றாகிவிடுவதால் கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதற்கும் பேசிவிட்டதாகச் சொன்னார்.

கிருபாசங்கர் பேனாவை வாங்கி முதல் எழுத்தை எழுதினார். எழுதியவுடன் மின்விசிறிக் காற்றில் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மேலேயே ஒரு முழ தூரம் வழுக்கிக்கொண்டு போனார். கீதா அவர் தோளில் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"அந்த வரிய அழிச்சுப்போட்டா, உள்ள இருக்கறவரு என்னங்க ஆவாரு?" என்று கேட்டாள்.

"உள்ளே யாரும் இல்லைங்க. ஒன்பது தடவை தேடியாச்சு."

"அப்பறம் கண்ணாடியத் தொடைக்கறது ஆருங்க?"

சைதன்யா காலி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும். தினமும் காலைல நான்தான் போய்ப் பார்க்கிறேன். ஆனா அதை எழுதறதுக்குப் படிவத்தில் இடமில்லை," என்றார். புரட்டாசி மூன்றாம் தேதி உலை ஓடத் தொடங்கும், இரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு உட்கதவுக்கு முத்திரை வைப்பார்கள், கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் அதற்குள் மேலிடம் அந்த வரியை அழித்துவிடும் என்று சொன்னார். உலை ஓடும்போது அந்தக் கட்டடத்துக்குள் மனிதர் யாரும் உயிரோடு இருக்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. அங்கிருந்த மூவருக்கும் அது தெரியும். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கீதா மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உக்கடம் பஸ் ஏறினாள். கோட்டைமேட்டில் விசாரித்து ஷாநவாசின் வீட்டைக் கண்டுபிடித்தாள். கை ஆறுவதற்காக வீட்டில் இருந்த அவர் அடுத்த வாரம் சாரம் பிரிக்கப் போவதற்குத் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். யார் வந்திருப்பது என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்றார். அவர் மனைவி உஸ்மாதான் நாற்காலி போட்டாள்.

"நாஞ் சண்டைக்கு வர்லீங்க," என்றாள் கீதா. "அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு. ரெண்டாந் தேதி கதவ மூடறாங்களாமா. நீங்க போறப்ப ஒரு வார்த்த கூப்புட்டுப் பாருங்க. நாங் கூப்புட்டா வேலை முடியட்டும்னு சொல்லுவாரு. நீங்க கூப்புட்டா வருவாருங்க."

ஷாநவாஸ் வீங்கி வடிந்த கையைப் பார்த்தபடி நின்றார். சுண்டுவிரல் கோணலாகக் கூடியிருந்தது. "நான் எழுதிக் குடுத்தது உங்களுக்குத் தெரியுங்களாக்கா?"

"தெரியுங்க."

"பதினாலு பேரு வேலைன்னாங்க. அதுல என் தம்பி ரெண்டு பேரு."

"அதுந் தெரியுங்க," என்றாள் கீதா. உஸ்மா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். என்ன நடந்தது என்று கணவர் அதுவரை உஸ்மாவிடம் சொன்னதில்லை. சாயங்காலம் அவர் பையை அவளே எடுத்து அடுக்கினாள். "கூட்டிட்டு வந்துருங்க. தம்பிகளுக்கு வேற வேலை பாத்துக்கலாம்," என்றாள்.

சாரம் பிரிக்கும் வேலை ஆறு நாள் நடந்தது. கோணல் விரலோடு ஷாநவாசின் கையைக் கருவியில் புதிதாகப் பதிந்துகொண்டார்கள். தினமும் பலகைகளை இறக்கும்போது மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். ஒருவரும் தென்படவில்லை. புரட்டாசி இரண்டாம் தேதி மாலை ஐந்தரைக்குக் கடைசிக் குழாயையும் வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் கையை வைத்துப் போன பிறகு தனியே நின்றார். அந்த ஆண்டுக்கு அவர் வாங்கக்கூடிய கதிர்வீச்சின் அளவை எட்டப்போவதாக மீட்டர் கீச்சிட்டது. அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணா" என்று கூப்பிட்டார். அதுவரை அந்த ஆளின் பெயரை அவர் சொன்னதே இல்லை. "கிருபாசங்கரண்ணா" என்று இன்னொரு முறை கூப்பிட்டார்.

கிருபாசங்கர் உட்கதவின் பக்கத்தில்தான் நின்றிருந்தார், கையில் மடித்த துணியுடன். அவருடைய சட்டை வழியாகப் பின்னாலிருந்த குழாயின் எண்ணைப் படிக்க முடிந்தது. மற்றபடி நன்றாகவே இருந்தார்.

"வந்துட்டீங்களா பாய்," என்றார். "ஐயாசாமியத் தூக்கியாச்சுங்களா?"

"தூக்கியாச்சுங்ணா. ஊர்ல நல்லா இருக்காரு. நீங்க ஏங்ணா இங்கயே நிக்கிறீங்க?"

"நீங்க வெளிய போனத மிசினு எழுதலீங்களே. என்ற கை மேல உள்ள வந்தவரு நீங்க. உங்கள விட்டுப்போட்டு நான் போறது எப்படீங்க?"

ஷாநவாஸ் நாற்பத்தாறு நாள் ஆகிவிட்டதைச் சொன்னார். கிருபாசங்கர், பஸ் கொஞ்சம் தாமதம் என்று கேள்விப்பட்டவர்போலத் தலையசைத்துக்கொண்டார். விசாரணையில் எழுதிக் கொடுத்ததையும் ஷாநவாஸ் சொன்னார். கிருபாசங்கர் கருவியின் கண்ணாடியை ஒரு முறை துடைத்தார். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கை வலி போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"போயிருச்சுங்ணா."

"அப்ப நீங்க முன்னால போங்க."

வெளியே சைதன்யா திரையின் முன் நின்றிருந்தார். வரியை அழிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு நாலு மணிக்கே வந்துவிட்டது. அவர் விசைப்பலகையைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஷாநவாசின் கை பதிவானது. இரண்டு என்றிருந்தது ஒன்று என்றானது. ஷாநவாஸ் வெளியே வந்து திரும்பி நின்றார். கதவு மூடியது. இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உட்புறத் தகட்டில் ஒரு கை வைக்கப்பட்டது. இது கிருபாசங்கருடைய கை என்று கருவி சொன்னது, கதவு திறந்தது, வெக்கையான காற்று அவர்களைக் கடந்து படிக்கட்டின் பக்கம் போனது. திரையில் பூஜ்யம் வந்தது. சைதன்யா அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலையே ஷாநவாஸ் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருடைய பாஸ் ரத்தானது, தம்பிகளுடையதும் ரத்தானது. மற்ற பன்னிரண்டு பேரை ஒப்பந்தக்காரர் வைத்துக்கொண்டார். இப்போது அண்ணன் தம்பி மூவரும் கோயமுத்தூரில் அடுக்குமாடிகளுக்குச் சாரம் கட்டுகிறார்கள். உத்தரவை நிறைவேற்றாததற்காகச் சைதன்யாவிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் கொடுத்த விளக்கத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை, ஆறு மாதம் கழித்து வடக்கே மாற்றினார்கள். கிருபாசங்கர் மேலிருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் மோட்டார் பழுது பார்க்கப் பழகிக்கொண்டார். வருஷத்துக்கு இரண்டு முறை ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. நாலாவதில் ஒரு எண் கொஞ்சம் கூடியிருந்தது. மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

உள்ளே இருந்தவர் சூலூர் வந்துசேர மூன்று நாளாயிற்று. அடையாளம் காட்ட எதுவும் இல்லாததால் ரயிலில் வராமல், ஊர் ஊராகப் பஸ் மாறி வந்தார். புரட்டாசி ஐந்தாம் தேதி மாலை நாலு மணிக்கு, திருப்பூர் பஸ் போன பிறகு, கீதா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் முற்றத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே கணவர் தெருமுனையில் திரும்பி நடந்துவந்தார். அவர் நிழல் மெலிதாக இருந்தது. ராசாத்தாள் தன் வாசலிலிருந்து இருவரையும் பார்த்தார். "ஏனுங், இப்பத்தான் வர்றீங்களா," என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வந்தவர் படியேறி நின்றார். உட்கார்ந்திருந்தவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தொன்பது நாளும் இருவரில் யாருக்கு அதிகக் கஷ்டம் என்று அவர்கள் யோசித்ததுபோல இருந்தது.

கீதா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "பஸ்ல உக்கார எடம் கெடச்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"பல்லடம் வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன்," என்றார் வந்தவர்.

"மொகங் கழுவிட்டு வாங்க. ரெண்டு பேருந்தான்."

சோறும் தட்டைப்பயறு குழம்பும் இருந்தன. அவள் இரண்டு தட்டு வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டுவந்த அக்ஷயா பையைக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் மோர் கேட்டார், மற்றவருக்கும் சேர்த்து ஊற்றினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கொல்லைக்குப் போனபோது இரண்டு பேராகப் போனார்கள், திரும்பி வந்தபோது ஒருவராக வந்தார். நிலைப்படியில் கால் வைத்ததும் மரம் முனகியது.

"மணி என்னாச்சு சாமி?" என்று மகளைக் கேட்டார்.

"நாலே முக்காலுப்பா," என்றாள் அக்ஷயா.

கீதா இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.